14 நாள், 8 ஊர், நான் ஒருத்தி: இந்தத் திட்டம் தேறுமா?

நிலாப்பயணி

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இது முதல் பதிவு. அக்டோபரில் இரண்டு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. தனியாக வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை. ஓவியம் பார்க்கப் பிடிக்கும், நடக்கப் பிடிக்கும். இரவுக் கேளிக்கைகளில் ஆர்வம் கிடையாது. போட்டு வைத்திருப்பது இது:

பாரிஸ் 2 இரவு, பிரஸ்ஸல்ஸ் 1, ஆம்ஸ்டர்டாம் 2, பெர்லின் 1, பிராக் 2, வியன்னா 1, வெனிஸ் 1, ரோம் 2. அப்புறம் ரோமிலிருந்து மலிவு விமானத்தில் பாரிஸ் திரும்பி ஓர் இரவு, மறுநாள் ஊருக்கு.

சனிக்கிழமை காலை பாரிஸில் இறங்குகிறேன். 14ஆம் நாள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறேன். விமான டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. பிரான்ஸ் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் மட்டும் எடுத்துவிட்டேன், அதற்கே நாக்குத் தள்ளிவிட்டது.

எக்செல் தாளில் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

கணக்கப்பிள்ளை

நியாயமான சந்தேகம். எக்செல்லில் இரண்டு ஊருக்கு நடுவில் இருப்பது ஒரு கோடு. நேரில் அது அரை நாள்.

வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். பாரிஸ்–பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணிக்குள் முடிந்துவிடும். பிரஸ்ஸல்ஸ்–ஆம்ஸ்டர்டாம் இரண்டு, ஆம்ஸ்டர்டாம்–பெர்லின் ஆறு, பெர்லின்–பிராக் நாலே கால், பிராக்–வியன்னா நாலு, வியன்னா–வெனிஸ் ஏழரைக்கு மேல், வெனிஸ்–ரோம் நாலு. ஆக 29 மணி நேரம். ரோம்–பாரிஸ் விமானம் இதில் சேரவில்லை.

இனி உங்கள் பெர்லின் நாளைப் பாருங்கள். காலை ஏழுக்கு எழுந்து பெட்டி கட்டுகிறீர்கள். முந்தின நாள் மூடிய பெட்டி மறுநாள் மூடாது, அது ஏன் என்று யாருக்கும் தெரியாது. அறையைக் காலி செய்து, டிராம் பிடித்து, ஆம்ஸ்டர்டாம் நிலையத்தில் எந்த நடைமேடை என்று தேடி, ஒன்பது மணி வண்டி ஏறினால் மூன்று மணிக்கு பெர்லின். அந்த நிலையம் மேலும் கீழுமாகப் பல தளம். வெளியே வரும் வழியைக் கண்டுபிடித்து ஓட்டல் போய்ச் சேர நாலரை. குளித்து வெளியே வந்தால் அருங்காட்சியகங்கள் மூடப்போகிற நேரம். மறுநாள் காலை பத்துக்கோ பதினொன்றுக்கோ பிராக் வண்டி. பெர்லினில் நீங்கள் பார்த்திருப்பது அந்த நிலையத்தின் எஸ்கலேட்டர்.

இடமே மாறாத முழு நாள் உங்கள் திட்டத்தில் எத்தனை என்று எண்ணினேன். ஞாயிறு பாரிஸ், புதன் ஆம்ஸ்டர்டாம், சனி பிராக், அடுத்த புதன் ரோம். 14 நாளில் நாலே நாலு.

சும்மாசொல்கிறேன்

எஸ்கலேட்டர் நன்றாக இருக்கும், குறை சொல்லாதீர்கள்.

வேகநடை

கணக்கப்பிள்ளை ஐயா சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியாது. நான் 12 நாளில் ஏழு ஊர் பார்த்தவன். இன்றைக்குக் கேட்டாலும் மறுபடி அப்படித்தான் போவேன். ஓர் ஊரில் மூன்றாவது நாள் எனக்கு அலுத்துவிடும். ரயில் ஜன்னலும் ஊர் பார்ப்பதில் சேர்த்திதான்.

ஆனால் நான் எப்படிப் போனேன் என்பதையும் சொல்ல வேண்டும். முதுகுப்பை ஒன்று, ஏழு கிலோ. தங்கியதெல்லாம் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள். எந்த ஊரிலும் ஓர் அருங்காட்சியகத்துக்கு மேல் போகவில்லை. பாதையும் ஒரே திசையில் நேர்க்கோடு, கிளம்பிய ஊருக்குத் திரும்பவே இல்லை. உங்கள் திட்டத்தில் ரோமிலிருந்து பாரிஸ் திரும்புகிற அந்த ஒரு நாள் சுத்தமாக வீண்.

நிலாப்பயணி

என்னிடம் இருப்பது சக்கரம் வைத்த பெரிய பெட்டி. ஏழு கிலோவில் என் குளிருடுப்புகூட அடங்காது.

ரோம்–பாரிஸ் திரும்பக் காரணம், போக வர ஒரே ஊர் என்றால் விமானக் கட்டணம் குறையும் என்று நினைத்ததுதான்.

கணக்கப்பிள்ளை

பல பேர் நினைப்பது அது. ஒருவழி டிக்கெட் இரண்டு தனித்தனியாகத் தேடினால் விலை ஏறித்தான் தெரியும். டிக்கெட் தளத்தில் 'மல்டி சிட்டி' என்று இருப்பதை அழுத்தி, போவது பாரிஸ், திரும்புவது ரோம் என்று ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். பெரும்பாலும் சாதாரண போக-வர டிக்கெட்டை ஒட்டித்தான் வரும். கொஞ்சம் கூடினாலும், ரோம்–பாரிஸ் விமானம், பெட்டிக்குத் தனிக் கட்டணம், இரண்டு பக்கமும் விமான நிலையம் போய்வரும் செலவு, பாரிஸில் ஓர் இரவு அறை இதையெல்லாம் மறுபக்கம் வையுங்கள்.

மழைத்துளி

நான் பதினொரு வருடமாகத் தனியாகப் போய்வருகிறேன். மேலே எல்லோரும் மணிக்கணக்கு பேசுகிறார்கள். தனியாகப் போகிறவளுக்கு வேறொரு கணக்கும் இருக்கிறது.

இரண்டு பேர் போனால் ஒருவர் பெட்டியைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் கழிப்பறை போகலாம். ஒருவர் வழி பார்க்க, மற்றவர் டிக்கெட் எடுக்கலாம். தனியாக என்றால் எல்லாம் நீங்கள்தான். எந்தப் பக்கம் திரும்ப, எங்கே சாப்பிட, இந்த வண்டியா அடுத்த வண்டியா, ஒரு நாளைக்கு நூறு சின்ன முடிவு. ஊர் மாறுகிற நாளில் அது இருநூறாகிறது. ஐந்தாம் நாள் வாக்கில் ஒரு தெருமுனையில் நின்று, சாப்பிட எங்கே போவது என்றே முடிவெடுக்கத் தெரியாமல் அழுகை வரும். எனக்கு வந்திருக்கிறது. பசிதான் காரணம் என்பது சாப்பிட்ட பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று. என் இரண்டாவது பயணத்தில், மெட்ரோ கதவு மூடுகிற நேரத்தில் கையிலிருந்து போன் நழுவித் தண்டவாளத்துப் பக்கம் விழுந்துவிட்டது. ஓட்டல் முகவரி போனில். வரைபடம் போனில். மறுநாள் ரயில் டிக்கெட் போனில். ஓட்டல் பெயரில் ஏதோ பூப்பெயர் வரும் என்பது மட்டும் ஞாபகம். மழையில் ஒன்றரை மணி நேரம் அலைந்து, காலையில் ரொட்டி வாங்கிய கடையின் பச்சைப் பந்தலை அடையாளம் கண்டுதான் தெருவைப் பிடித்தேன். அன்றிலிருந்து ஓட்டல் பெயர், முகவரி, வீட்டுத் தொலைபேசி எண், அடுத்த டிக்கெட்டின் முன்பதிவு எண் நான்கையும் ஒரு தாளில் எழுதிச் சட்டையின் உள்பையில் வைக்கிறேன். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை மழையில் கரைந்துவிடும். இரண்டாவது வங்கி அட்டை பர்ஸில் வேண்டாம், பெட்டியில் இருக்கட்டும்.

ஊர்களைக் குறையுங்கள் என்று நான் சொல்வது சோம்பலால் இல்லை. ஒரே ஊரில் மூன்றாம் நாள் இருக்கும்போது மெட்ரோ பழகிவிடும், காப்பிக் கடைக்காரர் முகம் பழகிவிடும், அந்த நூறு முடிவு முப்பதாகிவிடும்.

கோப்புக்காரி

விசா விஷயத்தை யாரும் தொடவில்லை. திட்டத்தைக் குறைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு (ஐரோப்பாவில் பல நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா) எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பது உங்கள் விருப்பம் இல்லை. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம். இரண்டு நாடு சமமாக வந்தால் முதலில் நுழைகிற நாட்டிடம். உங்கள் முதல் திட்டத்தில் பிரான்ஸ் 2+1, அதாவது 3 இரவு. இத்தாலி வெனிஸ் 1, ரோம் 2, அதுவும் 3. சமம். முதலில் இறங்குவது பாரிஸ், ஆகவே பிரான்ஸ் சரி. அதிர்ஷ்டவசமாகச் சரி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது இங்கிருப்பவர்கள் பேச்சைக் கேட்டு வெனிஸ், ரோம் இரண்டையும் நீட்டி, பாரிஸை இரண்டு இரவிலேயே விட்டால் நீங்கள் போக வேண்டியது இத்தாலி விசாவுக்கு. கையில் இருக்கும் அப்பாயின்ட்மென்ட் பயன்படாது.

மற்ற விவரமும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைவாக வைத்துக்கொண்டு போகக் கூடாது. முடிவு வர வழக்கமாக 15 நாள். கூடுதல் ஆய்வு என்றால் 45 வரைக்கும் இழுக்கும்.

நிலாப்பயணி

ஐயோ. இது தெரியவே தெரியாது. நாடு நாடாக இரவுகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வேகநடை

விண்ணப்பத்துக்கு ஒரு திட்டம் காட்டிவிட்டு, போவதற்கு வேறொன்று வைத்துக்கொண்டால் போச்சு. ஓட்டலை ரத்து செய்யும் வசதியோடு போட்டு, விசா வந்ததும் மாற்றுகிறவர்கள் எத்தனையோ பேர்.

கோப்புக்காரி

செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சரியாகிவிடாது. வழியில் ஓர் ஓட்டல் மாறுவது, ஒரு நாள் முன்பின் ஆவது பெரிய விஷயமில்லை. பாரிஸில் ஐந்து நாள் என்று காட்டி விசா வாங்கிவிட்டு நேரே ரோமில் போய் இறங்குவது வேறு. எல்லையில் இருக்கும் அதிகாரி ஓட்டல் முன்பதிவைக் காட்டு என்று கேட்கலாம். முதல் தடவை தனியாகப் போகும் பெண்ணுக்கு அந்தக் கவுன்டரில் நின்று கதை சொல்கிற நிலைமை வேண்டாம். அடுத்த விசாவுக்கும் இதே கோப்புதான் பேசும்.

வேகநடை

சரி, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மழைத்துளி

நிலா, ஒன்று கேட்கிறேன், ஊர்ப் பெயர் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். எதைப் பார்க்காமல் திரும்பினால் விமானத்தில் உட்கார்ந்து வயிறெரிவீர்கள்?

நிலாப்பயணி

ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

ஒன்று, ஓர்சே அருங்காட்சியகத்தில் வான்கோ, மோனே. இரண்டு, புரூகலின் 'பனியில் வேட்டைக்காரர்கள்'. கல்லூரியில் அந்தப் படத்தின் அச்சு என் அறைச் சுவரில் நாலு வருடம் இருந்தது. மூன்று, சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரை. நான்காவதாக, வெனிஸில் காலை நேரத்துக் கால்வாய். அது படம் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

எழுதிப் பார்த்த பிறகுதான் கவனித்தேன், பிரஸ்ஸல்ஸும் பெர்லினும் இதில் எங்கேயும் இல்லை. வழியில் இருக்கிறதே என்று சேர்த்திருக்கிறேன்.

கணக்கப்பிள்ளை

அப்படியானால் பாரிஸ், வியன்னா, ரோம். ஓர்சே பாரிஸில், சிஸ்டைன் ரோமில் வத்திக்கான் அருங்காட்சியகங்களோடு சேர்ந்தது. புரூகல் படம் இருப்பது வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில். உங்கள் பழைய திட்டத்தில் வியன்னாவுக்கு ஞாயிறு மதியத்துக்கு மேல் சேருகிறீர்கள், திங்கள் காலை கிளம்பி ஏழரை மணி நேரம் வெனிஸுக்கு. அக்டோபரில் அந்த அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். நாலு வருடம் சுவரில் வைத்திருந்த படத்துக்கு நீங்கள் ஒதுக்கியிருந்தது ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம்.

இந்த விடுமுறை நாள் பட்டியலைத் தேதி போடும் முன் பார்க்க வேண்டும், பலர் டிக்கெட் எல்லாம் வாங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள். ஓர்சே திங்கட்கிழமை மூடல். லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடல். வத்திக்கான் அருங்காட்சியகங்கள் ஞாயிறு மூடல். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், அன்றைக்குக் கூட்டத்தில் கூரையைப் பார்ப்பதைவிட முன்னால் நிற்பவர் முதுகைப் பார்ப்பதே அதிகம். ரோமில் போர்கேசே காட்சியகம் திங்கள் மூடல், முன்பதிவில்லாமல் உள்ளே விடமாட்டார்கள், இரண்டு மணி நேரம் முடிந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பாரிஸின் பொம்பிடு மையம் புதுப்பிப்புக்காக 2025 செப்டம்பரில் மூடியதுதான், 2030 வரை திறக்காது.

ரயில்பித்தன்

தாமதமாக வருகிறேன். (இந்த வாக்கியம் ரயில்காரனுக்குப் பழக்கம்.)

பாரிஸ்–வியன்னா இரவு ரயிலை யாராவது பரிந்துரைக்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அது 2025 டிசம்பரில் நின்றுபோனது. 2021இல் ஆரம்பித்து நாலே வருடம் ஓடியது. இணையத்தில் இருக்கும் பழைய பயணக் கட்டுரைகள் இன்னும் அதைப் புகழ்ந்துகொண்டிருக்கின்றன. பகல் ரயிலில் ஜெர்மனி வழியாக வண்டி மாறிப் போகலாம், ஆனால் ஒரு முழு நாள் காலி. எனக்கு அது கொண்டாட்டம், உங்களுக்குத் தண்டனை. வருத்தத்தோடு சொல்கிறேன், அந்தத் துண்டுக்கு மட்டும் விமானம்.

வியன்னா–ரோம் இரவு ரயில் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ஏறினால் மறுநாள் காலை ஒன்பது, பத்துக்கு ரோம். பெண்களுக்கு மட்டுமான பெட்டி அறை கேட்டுப் பதிவு செய்யலாம். உட்காரும் இருக்கை வாங்கிவிடாதீர்கள், விலை பார்த்து ஏமாந்துபோவீர்கள். படுக்கைதான். சீக்கிரம் பதிந்தால் விலை பாதி.

யூரெயில் பாஸ் (பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே பாஸ்) வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். மூன்று ஊருக்கு அது கட்டுப்படியாகாது. பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி அதிவேக வண்டிகளுக்கும் இரவு வண்டிகளுக்கும் முன்பதிவுக் கட்டணம் தனியாகக் கட்ட வேண்டும்.

தாமதமானால் நஷ்ட ஈடு உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட்டில் 25 சதவீதம், இரண்டு மணிக்கு மேல் போனால் 50. ஆனால் தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டில், முதல் வண்டி தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் அது உங்கள் பாடு. அதனால் இரவு ரயில் வந்து சேரும் நாளில் மணி குறித்த டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

சும்மாசொல்கிறேன்

வெனிஸ் என்ன ஆயிற்று? அந்தக் காலை நேரத்துக் கால்வாய்?

நிலாப்பயணி

அதைத்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதிரி போட்டுப் பார்த்தேன்.

முதலாவது: பாரிஸ் 5, வியன்னா 3, வெனிஸ் 2, ரோம் 3.
இரண்டாவது: பாரிஸ் 5, வியன்னா 3, இரவு ரயில் 1, ரோம் 4.

முதலாவதில் பிரான்ஸ் 5, இத்தாலி 5. மறுபடி சமம்.

கோப்புக்காரி

சமம் என்றால் முதல் நுழைவு பிரான்ஸ், விதிப்படி செல்லும். ஆனால் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் ஒரு நாள் அப்படி இப்படி எண்ணினால் இத்தாலி பக்கம் சாய்ந்துவிடும். முடிந்தவரை தெளிவான வித்தியாசம் வைப்பது நல்லது.

மழைத்துளி

விசாவை விடுங்கள், உடம்பைப் பாருங்கள். வெனிஸில் சக்கரப் பெட்டியோடு படிக்கட்டுப் பாலம் ஏறி இறங்கியிருக்கிறீர்களா? நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கால்வாய் எதிரே நிற்கும், அந்த நிமிடம் சொர்க்கம். அடுத்த நிமிடம் பாலம். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு படி, பெட்டியை இழு, இன்னொரு படி. நான் போனபோது ஓட்டலுக்கு ஆறு பாலம். நாலாவதில் ஒரு சக்கரம் கழன்று தண்ணீரில் விழுந்தது. விழுந்த சத்தம்கூட அழகாகத்தான் இருந்தது.

வெனிஸைச் சின்னப் பையோடு தனியாக வாருங்கள். நாலு நாள், வெனிஸ் மட்டும்.

வேகநடை

இதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடுத்த தடவை என்று சொல்வது சுலபம். லீவு, பணம், வீட்டு நிலைமை எல்லாம் மறுபடி ஒன்றுகூடி வருமா என்று யாருக்குத் தெரியும்? பெட்டியை நிலையத்திலேயே காசு கொடுத்து வைத்துவிட்டு, ஒரு நாள் துணியோடு உள்ளே போகலாம். வெனிஸ் ஓர் இரவுக்கும் தாங்கும் ஊர். பகலில் வந்து போகும் கூட்டம் கலைந்த பிறகு ராத்திரியும் விடியற்காலையும்தான் அந்த ஊரே. அவர் கேட்பதும் காலை நேரத்துக் கால்வாய்தானே?

கணக்கப்பிள்ளை

வேகநடை சொல்வதில் பாதிக்கு நான் தலையாட்டுகிறேன். வெனிஸ் வேண்டும் என்றால் வியன்னாவில் ஓர் இரவையோ ரோமில் ஓர் இரவையோ கொடுக்க வேண்டும். எதைக் கொடுப்பது என்று நிலாதான் சொல்ல வேண்டும், நாம் ஏலம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நிலாப்பயணி

கொடுக்க மனசு வரவில்லை. இரண்டாவது திட்டம்தான். வெனிஸ் இல்லை.

நாள் வாரியாக இப்படி வருகிறது. பாரிஸ் சனி காலை முதல் வியாழன் காலை வரை. ஓர்சே ஞாயிறு, லூவ்ர் திங்கள் அல்லது புதன். வியாழன் விமானத்தில் வியன்னா. அங்கே அருங்காட்சியகம் வியாழக்கிழமை இரவு ஒன்பது வரை என்று போட்டிருக்கிறதே, அன்றைக்கே போய்விடட்டுமா? ஞாயிறு சாயங்காலம் ரயில். திங்கள் முதல் வெள்ளி வரை ரோம். வத்திக்கான் செவ்வாய், கொலோசியம் புதன்.

முழு நாள் எண்ணினேன். பாரிஸ் நாலு, வியன்னா மூன்று (சாயங்காலம் ரயில் ஏறும் ஞாயிறையும் சேர்த்து), ரோம் மூன்று. நாலு பத்தாகியிருக்கிறது!

கணக்கப்பிள்ளை

வியாழன் இரவு வேண்டாம். விமானம் இரண்டு மணி நேரம்தான். ஆனால் பாரிஸ் அறையை விட்டு வியன்னா அறைக்குள் நுழைய ஆறு மணி நேரம் பிடிக்கும். அந்தக் களைப்போடு போய் நின்றால் வேட்டைக்காரர்களோடு சேர்த்து உங்களையும் படத்தில் வரையலாம், அவர்களும் அப்படித்தான் கூனிக்கொண்டு வருகிறார்கள். வெள்ளி காலை திறக்கும்போதே போங்கள்.

சனிக்கிழமை பாரிஸில் இறங்கும் நாளையும் காலியாக விடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக மின்பதிவு வந்துவிட்டது, முதல் தடவை நுழைகிறவர்களுக்கு வரிசை எவ்வளவு நேரம் நிற்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோத்ர தாம் தேவாலயத்தை 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டார்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் ஆற்றங்கரையில் நடந்து அது வரை போய்வந்தால் போதும்.

லூவ்ர் கட்டணத்தை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. முன்பு 22.

ரயில்பித்தன்

ஞாயிறு வியன்னாவில் கடைகள் மூடியிருக்கும். ரயிலுக்குத் தண்ணீர், தின்பண்டம் வாங்க மத்திய நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், கவலை வேண்டாம். பெட்டியை அங்கேயே லாக்கரில் வைத்துவிட்டு பெல்வெடேர் மாளிகைக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம். கிளிம்ட்டின் 'முத்தம்' அங்கேதான் இருக்கிறது. அது திங்கள் உட்பட தினமும் திறப்பு.

மழைத்துளி

பாரிஸில் செவ்வாய்க்கிழமைக்கு எதுவும் எழுதவில்லை. எழுதாதீர்கள். துணி துவைக்க ஒரு நாள் வேண்டும், தூங்க ஒரு நாள் வேண்டும், எதற்கும் தேவைப்படாவிட்டால் அது பரிசு.

கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டது. 30 நாள் முன்னால் விற்பனைக்கு வரும். பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே பெயர் போடுங்கள், முதலெழுத்தை எங்கே வைப்பது என்று நம்மவர்கள் எல்லோரும் தடுமாறுவது அங்கேதான்.

நிலாப்பயணி

விசா வந்துவிட்டது. பாரிஸ் போக, ரோமிலிருந்து திரும்ப, ஒரே டிக்கெட். எல்லோருக்கும் நன்றி. எக்செல் தாளில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தை மட்டும் வெள்ளையாக விட்டிருக்கிறேன், பார்க்கவே பயமாக இருக்கிறது.

நிலாப்பயணி

ரோமிலிருந்து எழுதுகிறேன். புதன் இரவு.

செவ்வாய்க்கிழமை பாரிஸில் விடாத மழை, எனக்குத் தொண்டை வலி. பதினொன்றரை வரை தூங்கினேன். பிறகு துணிகளை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போய், இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பாட்டி எதையோ சுட்டிக்காட்டிச் சத்தம் போட்டார். என் சிவப்புத் துண்டு வெள்ளைச் சட்டைகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது என்னிடம் மூன்று இளஞ்சிவப்புச் சட்டைகள்.

வெள்ளி காலை வியன்னா. அந்த அறையில் முதலில் ஐந்தாறு பேர்தான் இருந்தோம். அச்சில் நாலு வருடம் பார்த்தும் எனக்குத் தெரியாமலே இருந்தது என்னென்னவோ: விடுதியின் பெயர்ப்பலகை ஒரு கொக்கி கழன்று கோணலாகத் தொங்குகிறது. இத்தனை நாய், இத்தனை ஆள், கிடைத்த வேட்டை ஒரே ஒரு நரி. கீழே உறைந்த குளத்தில் சறுக்குகிறவர்கள் எறும்பு அளவு, அதிலும் ஒருவர் விழுந்து கிடக்கிறார். எதிரே இருந்த இருக்கையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று பார்க்கவில்லை. சனிக்கிழமை வேறு எங்கோ போவதாகத்தான் இருந்தது. கால் தானாக அங்கேயே போனது, இன்னொரு டிக்கெட் வாங்கினேன். கணக்கப்பிள்ளை ஐயா மன்னிக்கவும்.

ரயிலில் தூக்கம் சரியாக வரவில்லை. என் அறையில் இருந்த இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினார்கள், அதனால் ரயிலைக் குறை சொல்ல முடியாது. ரோம் ஓட்டலில் மூன்று மணிக்குத்தான் அறை என்றார்கள், பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு தோட்டத்துப் பெஞ்சில் பையைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்கி வழிந்தேன். திங்கட்கிழமைக்கு எந்த டிக்கெட்டும் வாங்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது.

கணக்கப்பிள்ளை

இரண்டாவது டிக்கெட்டைக் கணக்கில் ஏற்றிக்கொண்டேன், ஆட்சேபணை இல்லை.

வேகநடை

உண்மையைச் சொல்லுங்கள், வெனிஸ் உறுத்துகிறதா இல்லையா?

நிலாப்பயணி

உறுத்துகிறது. ரயிலில் விடியற்காலை கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு, இருட்டில் எங்கேயாவது தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்தேன். பிராகும் ஆம்ஸ்டர்டாமும் துளிகூட உறுத்தவில்லை, அது ஏன் என்று தெரியவில்லை.

மழைத்துளி

சின்னப் பை ஒன்று வாங்கி வையுங்கள்.